கல்லூரி வகுப்பு பள்ளிக்கு வந்த கதை: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வியும் பதினோராம் வகுப்பின் நிலையும் (1978–2025)

ஆய்வுச்சுருக்கம்

1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, அதுவரை கல்லூரிக்குரியதாக இருந்த புகுமுக வகுப்பின் பணி பள்ளிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த மாற்றத்தைக் கல்வி வரலாற்றின் மையத்தில் வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. அதன்பின் அரசுப் பள்ளி மாணவர்க்கு அளிக்கப்பட்ட ஆதரவின் பெரும்பகுதி, மாணவர் கையில் தரப்பட்ட பொருள்களாகவும் உயர்கல்வி நுழைவாயிலில் செய்யப்பட்ட திருத்தங்களாகவும் அமைந்தது. ஈராண்டுப் படிப்பின் முதலாண்டோ தேய்ந்துவந்தது என்பது இதன் வாதம். 2025இல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருப்பது இப்பின்னணியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மேல்நிலைக் கல்வி, புகுமுக வகுப்பு, அரசுப் பள்ளி, பதினோராம் வகுப்பு, பொதுத்தேர்வு, நுழைவுத்தேர்வு, திருத்தணி

எல்லையின் இருபுறமும்

திருத்தணி மலைக்கோயிலைச் சூழ்ந்த ஊர்களுள் ஒன்று கே.ஜி.கண்டிகை. ‘கண்டிகை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் மிகுதி. எல்லையைக் கடந்தால் அதே சொல் ‘கண்ட்ரிக’ என்று ஒலிக்கிறது. வீட்டில் தெலுங்கும் வகுப்பறையில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்கே அரியவரல்லர். 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்தில் இருந்தது. இப்பகுதியில் தமிழ் கற்பித்து உணர்வூட்டிய மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னெடுத்த எல்லைப் போராட்டமும், அதைத் தொடர்ந்து படாஸ்கர் அளித்த பரிந்துரையும், 1959ஆம் ஆண்டின் எல்லைமாற்றச் சட்டமும் நிலைமையை மாற்றின. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. முதலில் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் இவ்வட்டம் அமைந்தது.

இந்த எல்லை வரலாறு மொழியுரிமையின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அது நியாயமே. ஆனால் அந்தக் கோடு, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அடுத்து எங்கே செல்கிறது என்பதையும் பிரித்துவிட்டது. நகரிப் பக்கத்துச் சிறுமி பத்தாம் வகுப்பை முடித்ததும் ‘ஜூனியர் காலேஜ்’ ஒன்றில் சேர்ந்து ‘இண்டர்’ படிக்கிறாள். திருத்தணிப் பக்கத்துச் சிறுமி பள்ளிச் சீருடையிலேயே ‘பிளஸ் ஒன்’ சேர்கிறாள். இருவரும் ஒரே வயதினர். படிக்கும் இயற்பியலும் ஏறத்தாழ ஒன்றே. ஒருத்தி கல்லூரி மாணவி, மற்றவள் பள்ளி மாணவி. பெயரளவினதாகத் தோன்றும் இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அரசியல் முடிவு உள்ளது. அம்முடிவு எடுக்கப்பட்ட ஆண்டு 1978. மதிய உணவுக்கும், இடஒதுக்கீட்டுக்கும், பயிற்றுமொழிக்கும் நம் ஆய்வுலகம் தந்துள்ள இடத்தோடு ஒப்பிட்டால், 1978 இன்னும் ஓர் அடிக்குறிப்பின் அளவிலேயே நிற்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகள் யாருக்குரியவை?

பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் யாருக்குரியவை என்ற வினா சென்னை மாகாணத்தில் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத்தின் ‘எஃப்.ஏ.’ எனப்பட்ட முதற்கலை வகுப்பு கல்லூரியில் நடந்தது. 1888இல் திருத்தணிப் பகுதியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருத்தணியிலும் திருப்பதியிலும் பள்ளிக்கல்வி பெற்றார். அதன்பின் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் அந்த வகுப்பைப் படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். இப்பகுதியில் பிறந்த ஒருவர் பட்டப்படிப்பின் வாசலை அடைய வேண்டுமானால், முதலில் ஊரை விட்டு வெளியேறியாக வேண்டும் என்பதே அன்றைய நிலை. எஃப்.ஏ. வகுப்பின் இடத்துக்குப் பின்னர் இண்டர்மீடியட் வந்தது. பெயர் மாறியது, இடம் மாறவில்லை.

அதே இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, பன்னிரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பின்னரே, அதாவது அன்றைய இண்டர்மீடியட் தகுதிக்குப் பின்னரே, பல்கலைக்கழகச் சேர்க்கை நிகழவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1952–53இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு வேறு வழியைக் காட்டியது. இண்டர்மீடியட்டை நீக்கி, அதன் ஓராண்டைப் பள்ளியோடும் மற்றோராண்டைப் பட்டப்படிப்போடும் சேர்க்கலாம்; பழைய முறையில் பள்ளியிறுதி முடித்து வருவோர்க்குக் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு நடத்தலாம் என்பது அதன் கருத்து. இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட இந்தப் புகுமுக வகுப்பே 1950களின் பிற்பகுதி முதல் சென்னை மாநிலத்தில் நிலைத்துவிட்டது. பதினோராண்டுப் பள்ளியிறுதி, ஓராண்டுப் புகுமுகம், மூன்றாண்டுப் பட்டம் என்பது இரண்டு தலைமுறையினர்க்குப் பழகிப்போன ஏணியாயிற்று. பி.யூ.சி. என்ற மூன்றெழுத்து இன்றும் மூத்தோர் பேச்சில் வாழ்கிறது.

அந்த ஓராண்டு எவ்வளவு கடுமையான வடிகட்டி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காமராசர் ஆட்சிக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் ஊரகங்களில் பரவின. தமிழ்வழியில் படித்துப் பள்ளியிறுதி தேறிய முதல் தலைமுறை மாணவர் பெருகினர். அவர்கள் அடுத்து நுழைந்த புகுமுக வகுப்போ நகரத்துக் கல்லூரியில் இருந்தது; அங்கே பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. மாணவர் புதிய மொழிக்குச் செவியைப் பழக்கிக்கொள்வதற்குள் தேர்வு வந்துவிடும். பொறியியல், மருத்துவச் சேர்க்கையும் அத்தேர்வைச் சார்ந்தே இருந்தது. பயணம், விடுதி, மொழி, காலக்குறை ஆகிய நான்கும் ஒரே ஆண்டில் ஒரே மாணவன்மேல் விழுந்தன. மாணவன் என்று சொல்வது வழக்கத்துக்காக அன்று. ஊரகப் பெண்களுள் அந்த ஆண்டுக்காக வீட்டை விட்டு அனுப்பப்பட்டோர் மிகச் சிலரே.

தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான இந்தியக் கல்விக் குழு (1964–66) இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. புகுமுக வகுப்பைக் கல்லூரிகளிலிருந்து பள்ளிகளுக்கு 1975–76க்குள் மாற்ற வேண்டும், பின்னர் அதை ஈராண்டாக நீட்ட வேண்டும் என்றது. 1968இன் தேசியக் கல்விக் கொள்கை 10+2+3 அமைப்பை இலக்காக ஏற்றுக்கொண்டது. ஆனால் நடுவிலுள்ள ஈராண்டு பள்ளியில் இருப்பதா, கல்லூரியில் இருப்பதா, இரண்டிலுமா என்பதை அந்தந்தப் பகுதியின் சூழலுக்கே விட்டது. தென்மாநிலங்கள் பிரிந்து சென்றது இந்த இடத்தில்தான். ஆந்திரம் 1969–70 முதல் ஜூனியர் கல்லூரிகளை நிறுவி, 1971இல் தனி வாரியமும் அமைத்தது. கர்நாடகம் பி.யூ. கல்லூரிகளைத் தேர்ந்தது. கேரளம் ‘பிரீ டிகிரி’யைக் கல்லூரிகளிலேயே நெடுங்காலம் வைத்திருந்தது, அது முற்றிலும் விலக்கப்பட 2000 வாக்கில் ஆயிற்று. தமிழ்நாடு தேர்ந்த இடம் பள்ளி.

1978: இடம் மாறிய வகுப்பு

எம்.ஜி.இராமச்சந்திரன் முதல்வராகவும் செ.அரங்கநாயகம் கல்வி அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1978–79 கல்வியாண்டில் மேல்நிலை முதலாண்டு தொடங்கியது. முதல் அணி 1980 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியது. தெரிவுசெய்யப்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாக உயர்த்தப்பட்டன. பொதுக்கல்விப் பிரிவுகளோடு தொழிற்கல்விப் பிரிவும் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் கணக்கைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய ஏணியில் பள்ளி 11, புகுமுகம் 1, பட்டம் 3, மொத்தம் 15. புதிய ஏணியில் 10, 2, 3. மொத்தம் அதே 15. ஆண்டு ஒன்றும் கூடவில்லை. பள்ளியின் பதினோராம் ஆண்டும் கல்லூரியின் புகுமுக ஆண்டும் சேர்ந்து மேல்நிலையின் ஈராண்டாயின. பழைய பதினோராம் வகுப்புக்கு ஒரு பொதுத்தேர்வு இருந்தது, அதுவே எஸ்.எஸ்.எல்.சி. எனப்பட்ட பள்ளியிறுதித் தேர்வு. புதிய அமைப்பில் அத்தேர்வு பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. புகுமுகத் தேர்வின் இடத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அமர்ந்தது. இரண்டுக்கும் நடுவே, பெயரும் பாடநூலும் உடைய, ஆனால் வெளியார் எவரும் வந்து கேட்காத ஓர் ஆண்டு பிறந்தது. பதினோராம் வகுப்பின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தப் பிறப்பிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

இதில் ஈட்டம் இல்லாமல் இல்லை. உண்மையில் அது பேரீட்டம். நகரக் கல்லூரியில் ஓராண்டில் அவசரமாக நடந்தது, ஊர்ப்பள்ளியில் ஈராண்டில், தமிழ்வழியிலும் நடக்கும் வாய்ப்பு உருவாயிற்று. பதினாறு வயதுப் பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கிய குடும்பம், அவள் அதே பள்ளியில் மேலும் ஈராண்டு இருப்பதை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் பிற்கால உயர்கல்விச் சேர்க்கை வளர்ச்சியைப் பொறியியல் கல்லூரிகளின் பெருக்கத்தைக்கொண்டு மட்டும் விளக்குவோர், அக்கல்லூரிகளுக்குத் தகுதியுடைய மாணவர் எங்கிருந்து வந்தனர் என்ற வினாவைக் கேட்பதில்லை.

உலக ஒப்பீடு ஒன்று இதன் தன்மையை விளக்க உதவும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கல்லூரித்தரப் பாடங்களைக் கற்பிக்கும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ திட்டம் 1955இல் கல்லூரி வாரியத்தின் பொறுப்பில் வந்தது. சிறந்த மாணவர் சிலரைச் சிறந்த பள்ளிகள் சிலவற்றில் விரைவுபடுத்துவது அதன் தொடக்க நோக்கம். பொதுப்பள்ளிகளில் அது பரவலாயது பின்னரே. அங்கே மாணவர் விரும்பிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் விடலாம். தமிழ்நாடு செய்தது வேறு. கல்லூரி வகுப்பு ஒன்றை முழுமையாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்பு தேறிய எவர்க்கும் திறந்துவைத்தது. சிலரைத் தூக்கிவிடும் திட்டத்துக்குச் சில ஆசிரியர் போதும். எல்லார்க்குமான திட்டத்துக்கு எல்லாப் பள்ளியிலும் ஆசிரியர் வேண்டும்.

சிக்கல் அங்கே தொடங்கியது. கல்லூரியிலிருந்து வகுப்பு வந்தது. ஆய்வகமும் நூலகமும் அதே விரைவில் வரவில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் வேண்டும். ஒரு பள்ளியில் எந்தெந்தப் பிரிவுகள் நடக்கும் என்பதை மாணவரின் விருப்பத்தைவிட அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே முடிவுசெய்தன. உயிரியல் ஆசிரியர் இடம் இல்லாத பள்ளியில் படிக்கும் பெண், மருத்துவராக இயலாது என்பதைத் தன் பதினைந்தாம் வயதில் ‘குரூப்’ கேட்கும் நாளிலேயே அறிந்துகொள்கிறாள். அவளிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. சேர்க்கைப் பட்டியலில் அந்தப் பிரிவு இருக்காது, அவ்வளவுதான். பணியிடம் இருந்தும் ஆள் இல்லாதபோது பெற்றோர் ஆசிரியர் கழகம் குறைந்த தொகைக்குத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் வழக்கம் ஊர்தோறும் அறிந்ததே. 1987இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அமைந்த பின்னரும் இவ்வழக்கம் மறையவில்லை.

ஒரே தேர்வு, வேறு வேறு காலம்

மேல்நிலைக் கல்வியின் மற்றொரு சிறப்புக்கூறு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு வரை மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநில வாரியம் எனப் பல பாடத்திட்டங்கள் இருந்தன. 2010–11இல் தொடங்கிய சமச்சீர்க் கல்வியே அவற்றை ஒன்றாக்கியது. மேல்நிலையிலோ தொடக்கம் முதலே மெட்ரிகுலேசன் பள்ளி மாணவரும் அரசுப் பள்ளி மாணவரும் ஒரே பாடநூலைப் படித்து ஒரே வினாத்தாளை எழுதினர். சமச்சீர் என்ற சொல் வழக்குக்கு வருமுன்பே பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வளவிலான சமன்மை இருந்தது.

தேர்வு ஒன்றாக இருக்கும்போது போட்டி வேறு எதிலேனும் நடக்கும். அது காலத்தில் நடந்தது. நாமக்கல் வட்டாரத்தில் வளர்ந்த உறைவிடத் தனியார் பள்ளிகள் இதன் பெருஞ்சான்று. வெளித்தேர்வு இல்லாத பதினோராம் வகுப்பை விரைந்து கடந்து, அல்லது தொடாமலே விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஏறத்தாழ ஈராண்டும் நடத்தி, 1,200க்கு ஆயிரத்து நூறுக்கு மேல் எடுக்கும் மாணவரை அவை வரிசையாக வெளியிட்டன. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒழுங்காகப் பதினோராம் வகுப்பை நடத்தினால், அவருடைய மாணவர் அதே போட்டியில் ஓராண்டு பின்தங்கித் தொடங்கினர். தேர்ச்சி விழுக்காடு என்ற ஒற்றை அளவுகோல் மாவட்டந்தோறும் ஒப்பிடப்பட்டபோது, அரசுப் பள்ளிகளிலும் கோடை விடுமுறைச் சிறப்பு வகுப்புகள் பன்னிரண்டாம் பாடத்தை முன்கூட்டியே இழுத்துவந்தன. எனவே தனியார் பள்ளிகளை மட்டும் குறைகூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அமைப்பு எதை அளந்ததோ அதையே எல்லாரும் கற்பித்தனர்.

நுழைவாயிலில் செய்த திருத்தங்கள்

அரசின் கவனம் இக்காலத்தில் எங்கே இருந்தது? பெரும்பாலும் மேல்நிலைக்கு அப்பால் உள்ள வாயிலில்.

1984இல் மருத்துவம், பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் 200க்கும் நுழைவுத்தேர்வு மதிப்பெண் 100க்கும் கணக்கிடப்பட்டு, 300க்குத் தரவரிசை அமைந்தது. அந்த நூறு மதிப்பெண் நகரப் பயிற்சி நிலையங்களின் வணிகமாயிற்று என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2001இல் ஊரகப் பள்ளிகளில் பயின்றோர்க்கு 25 விழுக்காடு ஒதுக்க அரசு முயன்றது. உயர்நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. 2005இல் நுழைவுத்தேர்வை நீக்கச் செய்த முயற்சியும் நீதிமன்றத்தில் நின்றுபோனது. 2006இன் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பெற்று 2007இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் நுழைவுத்தேர்வு நீங்கியது. ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டு வழக்கம் அது.

நுழைவுத்தேர்வு நீங்கியது அரசுப் பள்ளி மாணவர்க்குப் பயன் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் மறைமுக விளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். வாயிலில் கேட்கப்படும் ஒரே எண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணாயிற்று. நுழைவுத்தேர்வு ஓரளவு பதினோராம் பாடத்தையும் தொட்டது. அந்தச் சிறு காரணமும் போனபின் பதினோராம் வகுப்பைக் காப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

2017இல் நீட் தேர்வு மருத்துவச் சேர்க்கைக்குக் கட்டாயமானபோது நிலைமை தலைகீழாயிற்று. நீட்டின் பாடத்திட்டத்தில் ஏறத்தாழ சரிபாதி பதினோராம் வகுப்புக்குரியது. அந்த ஆண்டைத் துறந்து மதிப்பெண் குவித்த மாநிலம், தான் துறந்த ஆண்டிலிருந்தே வினாக்கள் வருவதைக் கண்டது. பணமுடையோர் மீண்டும் பயிற்சி நிலையம் சென்றனர். ஓராண்டு காத்திருந்து மறுமுறை எழுதினர். அரசுப் பள்ளி மாணவர்க்கு அவ்விரண்டும் எளிதில்லை. நீட் எதிர்ப்பின் கூட்டாட்சி நியாயங்கள் வலுவானவை, நீதியரசர் ஏ.கே.இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை அவற்றை விரிவாகப் பதிவுசெய்தது. எனினும், நீட் இல்லாவிடினும் பதினோராம் வகுப்பு இழப்பு இழப்பே என்பதை நாம் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. பொறியியல் முதலாண்டில் நுண்கணிதத்தின் முன் திகைத்து நின்ற தலைமுறை ஒன்று இதற்கு முன்பே இருந்தது.

நீதியரசர் பொ.கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி இயற்றப்பட்டு, 2020 அக்டோபர் 30 அன்று ஆளுநரின் ஒப்புதலைப் பெற்ற 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவ இடங்களை உறுதிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி மாணவரின் மருத்துவச் சேர்க்கை, முதலாண்டிலேயே முந்நூறைக் கடந்தது. 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவ உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. அண்மைக்கால நடவடிக்கைகளுள் மிக நேரடியான பயன் விளைந்தது இதனால்தான். ஆயினும் இதுவும் வாயிலில் செய்த திருத்தமே.

கையில் தந்தவை

மற்றொரு வகை ஆதரவு, மாணவர் கையில் நேரே சேர்ந்தது. விலையில்லாப் பாடநூல், பேருந்துப் பயண அட்டை, கல்வி உதவித்தொகை, 2011 முதல் மடிக்கணினி. இவற்றுள் மிதிவண்டித் திட்டம் தனியே நோக்கத்தக்கது. 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்காகத் தொடங்கி, 2005–06இல் பிற மாணவர்க்கும் விரிந்த இத்திட்டத்தில், மிதிவண்டி வழங்கப்படும் வகுப்பு பதினோராம் வகுப்பு. ஏன் அந்த வகுப்பு? உயர்நிலைப் பள்ளி அருகில் இருக்கிறது, மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. கே.ஜி.கண்டிகை போன்ற பெரிய ஊர்களைச் சுற்றிய குக்கிராமங்களிலிருந்து காலையில் மிதிவண்டிகள் வரிசையாக வருவதைப் பார்த்தவர்க்கு இந்த நிலவியல் எளிதில் விளங்கும். பத்தாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்கள் பலர் அந்த வண்டியில் ஏறித்தான் மேல்நிலைக்கு வந்தனர்.

2022 முதல் ‘புதுமைப் பெண்’, 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ ஆகிய திட்டங்கள் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்வோர்க்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ‘நான் முதல்வன்’ 2022 மார்ச்சில் தொடங்கி உயர்கல்வி வழிகாட்டலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. மாவட்ட மாதிரிப் பள்ளிகள், தெரிவுசெய்யப்பட்ட மாணவரை உறைவிடத்தில் வைத்துத் தேசிய நுழைவுத்தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்கின்றன. கடைசியாகச் சொன்னதை மட்டும் சற்றுத் தயக்கத்தோடு நோக்க வேண்டும். ஐ.ஐ.டி.களுக்கு அரசுப் பள்ளி மாணவர் செல்வது பெருமைக்குரியது. ஆனால் ஓர் ஊர்ப்பள்ளியின் தலைசிறந்த மாணவர் மாவட்டத் தலைநகருக்குச் சென்றுவிட்டால், அப்பள்ளியின் பதினோராம் வகுப்பில் கேள்வி கேட்கும் குரல் ஒன்று குறைகிறது. 1978 எல்லார்க்குமாகத் திறந்ததை, நாம் சிலர்க்கான அமெரிக்க முதல் வடிவத்தை நோக்கி நகர்த்துகிறோமா என்பது விவாதிக்கத்தக்கது.

பதினோராம் வகுப்புக்கு வந்துபோன தேர்வு

2017இல் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன் காலத்தில் மூன்று முடிவுகள் ஒன்றாக வந்தன. மாநிலத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது, மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் பாடத்திட்ட வல்லுநர் குழு அமைந்தது. 2017–18 முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆயிற்று. ஒவ்வோராண்டுக்கும் 600 வைத்து ஈராண்டும் சேர்ந்து 1,200 என்பது முதல் திட்டம். 1978இல் பிறந்து நாற்பதாண்டு வெளியார் கேட்காமல் கிடந்த வகுப்பை, முதன்முறையாக வெளியார் வந்து கேட்டனர்.

அந்தக் கேள்வி ஓராண்டுதான் முழு வலிமையோடு நின்றது. 2018 செப்டம்பரிலேயே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் 600 மட்டும் போதும் என அறிவிக்கப்பட்டது. தேர்வு இருந்தது, அதற்குப் பயன் இல்லை. மாணவர்க்குச் சுமை எஞ்சியது, பள்ளிக்குக் கட்டாயம் தளர்ந்தது. பதினோராம் வகுப்பில் சில பாடங்களில் தவறியவர் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு சுமையையும் சேர்த்துத் தூக்கினர். அவர்களுள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே மிகுதி என்று ஆசிரியர்கள் சொல்வது நம்பத்தக்கதே. ஒரே ஒருமுறை மட்டும் அத்தேர்வு எதிர்பாராப் பயன் தந்தது. 2021இல் பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடவாதபோது, பத்தாம் வகுப்புக்கு 50, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என மதிப்பெண் கணக்கிடப்பட்டது. நெருக்கடியிலும் பதினோராம் வகுப்பின் எடையே மிகக் குறைவு என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை இத்தேர்வைக் கைவிட்டது. 2025–26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாணவரின் மன அழுத்தம் கருதிய இம்முடிவை எதிர்ப்பது எளிதன்று; அரசுப் பள்ளி மாணவரின் சுமையைப் பார்த்தால் வரவேற்கவும் தோன்றுகிறது. தேர்வு ஒரு கெட்ட காவலாளி என்பதை ஏற்கிறேன். ஆனால் காவலாளி எதற்காக நிறுத்தப்பட்டான் என்பதை மறந்து அவனை அனுப்பினால், 2017க்கு முந்தைய நிலை திரும்பிவரத் தடையேதும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மீண்டும் ஒற்றை அளவுகோலாகியிருக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டு ஒப்பீடு நிற்கவில்லை. கோடைச் சிறப்பு வகுப்பும் பழகிய கருவியே. தனியார் பள்ளி பதினோராம் பாடத்தைத் துறந்தால், அதன் மாணவர் பயிற்சி நிலையத்தில் அதைப் பின்னர் வாங்கிக்கொள்வர். அரசுப் பள்ளி மாணவர் அந்த ஆண்டை வேறெங்கும் வாங்க முடியாது. அவர்க்கு அது பள்ளியில் கிடைக்க வேண்டும், இல்லையேல் இல்லை.

இதை அறிவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆகஸ்ட்டு மாதத்தில் பதினோராம் வகுப்பு வேதியியல் ஆய்வகப் பதிவேட்டில் எத்தனை செய்முறைகள் பதிவாகியுள்ளன, முதுகலை ஆசிரியரின் காலஅட்டவணையில் பதினோராம் வகுப்புக்கு ஒதுக்கிய பாடவேளைகளுள் எத்தனை பன்னிரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்டுள்ளன, பிப்ரவரியில் அவ்வகுப்பு எந்தப் பாடநூலைத் திறந்து வைத்திருக்கிறது என்ற மூன்று பதிவுகள் போதும். இவை ஒவ்வொரு பள்ளியின் அலமாரியிலும் உள்ளன. கல்வி வரலாற்றாய்வு ஆணைகளையும் தீர்ப்புகளையும் தேடிய அளவுக்கு இந்தப் பதிவேடுகளைத் தேடியதில்லை. 2025–26 கல்வியாண்டின் பதிவேடுகளிலிருந்தே இத்தேடலைத் தொடங்கலாம். எல்லைக்கு அப்பால் இண்டர்மீடியட் முதலாண்டு மாணவர்க்கு வாரியத் தேர்வு உண்டு; இப்பால் இல்லை. திருத்தணி வட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளையும் நகரிப் பக்கத்து ஜூனியர் கல்லூரிகளையும் அடுத்த சில ஆண்டுகள் ஒப்பிட்டு நோக்கும் ஆய்வு ஒன்றுக்கு, 1960இல் வரைந்த அந்தக் கோடு நல்ல களத்தைத் தந்திருக்கிறது.